பத்துப் பத்தாகப் பிரிக்க ஒரு மெத்தட்: ஜாவாஸ்கிரிப்டில் அதை எந்த இடத்தில் கேட்பது?

போன மாங்காய் சீசனில் காவேரிப்பட்டணம் பக்கம் ஒரு கொள்முதல் இடத்தில் பெங்களூரா லோடு இறக்கிய பெரியவர் ஒருவர், எடைச் சீட்டை வாங்கிப் பார்த்துவிட்டு நகராமல் நின்றார். சீட்டு நாங்கள் எழுதிக் கொடுத்த புரோகிராமிலிருந்து வருவது. ஒவ்வொரு கிரேட்டின் (காய் நிரப்பிய பெட்டியின்) எடையும் வரிக்குப் பத்தாக அச்சாகும், வரிக் கடைசியில் அந்தப் பத்தின் கூட்டு, அடியில் மொத்தம். கையால் எழுதிய காலத்தில் இருந்த அதே அமைப்புதான், அப்படி இருந்தால்தான் கொண்டுவந்தவர்களுக்குச் சரிபார்க்க வரும். "தம்பி, தொண்ணூத்தேழு கிரேட்டு இறக்கியிருக்கேன், இதுல தொண்ணூறுதான் இருக்குது" என்றார். அவர் கையில் ஒரு பழைய சீட்டின் பின்பக்கம். நாலு கோடு நிற்க ஐந்தாவது குறுக்கே, அப்படிப் பத்தொன்பது கட்டு, கடைசியில் தனியாக இரண்டு கோடு. உட்கார்ந்து எண்ணினேன். 97.

விட்டுப்போன 7 கிரேட்டின் எடையும் கம்ப்யூட்டரில் பத்திரமாக இருந்தது: 21.4, 22.0, 20.8, 21.6, 22.2, 21.0, 20.6. கூட்டினால் 149.6 கிலோ. தராசிலிருந்து சரியாக வந்து, அரேயில் (புரோகிராம் வைத்திருக்கும் வரிசைப் பட்டியலில்) சரியாக உட்கார்ந்து, சீட்டுக்குப் போகும் வழியில் காணாமல் போயிருக்கிறது. பிரிக்கிற சிறு ஃபங்ஷனில், அரேயின் நீளத்தைப் பத்தால் வகுத்துத் தசமத்தை வெட்டிவிட்டு, 9 வரி என்று வைத்துக்கொண்டு 9 முறை மட்டும் லூப் சுற்றியது. 80 கிரேட், 120 கிரேட் என்று முழுப் பத்தாக வைத்துச் சோதித்தபோதெல்லாம் அது சரியாகவே ஓடியது. எங்கள் கூட்டத்தில் ஒருவர் எழுதினார், நான் படித்துப் பார்த்துச் சரி என்றேன். அந்தப் பெரியவரிடம் கோடு போட்ட சீட்டு இல்லாமல் இருந்திருந்தால் என்ற நினைப்பு இன்றைக்கும் என்னை விடவில்லை.

ஒரு அரேயை இத்தனை இத்தனையாகத் துண்டு போடும் இந்த வேலைக்குப் பல புரோகிராம் மொழிகளில் வழங்கும் பெயர் சங்க் (chunk). ஜாவாஸ்கிரிப்ட் அரேயில் அது இன்றுவரை உள்ளமைந்த மெத்தடாக, அதாவது மொழியோடு கூடவே வரும் ஃபங்ஷனாக, இல்லை. ஓசூரில் வேலை பார்க்கும் என் மச்சான் இதைக் கேட்டதும், "நாமே ஒரு கோரிக்கை எழுதி அனுப்பலாம் மச்சான், அரே ப்ரோட்டோடைப்பில் சங்க் வேண்டும் என்று" என்றான். எல்லா அரேக்கும் பொதுவான மெத்தடுகள் உட்கார்ந்திருக்கும் இடம்தான் ப்ரோட்டோடைப். நானும் முதலில் சரி என்றுதான் சொன்னேன். அப்புறம் பழைய கோரிக்கைகளை எடுத்துப் படிக்கப் படிக்க, கேட்க வேண்டியது சரி, கேட்கிற இடம் அது இல்லை என்று தோன்ற ஆரம்பித்தது. இதே யோசனையில் இருக்கிறவர்கள் வேறு சிலரும் இருப்பார்கள் என்பதால், எங்கள் முன்னால் இருந்த வழிகளை ஒன்றோடு ஒன்று வைத்துப் பார்த்ததை எழுதுகிறேன்.

முதல் வழி, இப்போது எல்லோரும் செய்வது: ஆளாளுக்கு ஒரு ஹெல்ப்பர், அதாவது தாமே எழுதிக்கொள்ளும் சிறு ஃபங்ஷன். மூன்று வரிதானே, இதற்குப் போய் மொழியில் ஒரு மெத்தடா என்று கேட்பவர்கள் உண்டு. மூன்று வரிதான், ஆனால் அந்த மூன்று வரிக்குள் மூன்று முடிவுகள் ஒளிந்திருக்கின்றன, எழுதுகிற ஆளுக்கு அவை முடிவுகள் என்றே தெரிவதில்லை. மீதியை என்ன செய்வது என்பது ஒன்று, அதைத்தான் மேலே சொன்னேன். அளவு பூஜ்யமாக வந்தால் என்ன செய்வது என்பது இரண்டாவது. அளவு எண்ணாக இல்லாமல் எழுத்தாக, ஸ்ட்ரிங்காக வந்தால் என்ன என்பது மூன்றாவது.

இரண்டாவதும் எங்களுக்கு நடந்தது. சின்னப் பிரிண்டர் ஒன்றுக்காக வரிக்குப் பத்து என்பதை மாற்றிக்கொள்ளும் பெட்டி ஒன்றைச் செட்டிங்கில் வைத்தோம். யாரோ அதை அழித்துவிட்டு வேறு எண் போடாமல் விட்டிருக்கிறார்கள். ஜாவாஸ்கிரிப்டில் வெற்று ஸ்ட்ரிங்கை எண்ணாக மாற்றினால் பூஜ்யம் வரும், பிழை வராது. லூப் ஒவ்வொரு சுற்றிலும் பூஜ்யம் பூஜ்யமாக முன்னேறுகிறது, அதாவது நின்ற இடத்திலேயே நிற்கிறது, ஒவ்வொரு சுற்றிலும் காலியான ஒரு துண்டை வெட்டி விடைக்குள் தள்ளிக்கொண்டே போகிறது. மெமரி நிறைந்து பிரவுசர் டேப் செத்துப்போகும் வரை இது ஓயாது. இராத்திரி பதினோரு மணி, வெளியே வண்டிகள் வரிசையில் நிற்கின்றன, எடை போடுகிறவர் போனில் "திரை அப்படியே நிக்குதுங்க" என்கிறார். பூஜ்யத்தைப் பார்த்ததும் பிழை என்று கத்தியிருந்தால் ஒரு நிமிட வேலை.

மூன்றாவதை நான் வேண்டுமென்றே செய்துபார்த்தேன், நீங்களும் செய்துபாருங்கள். வழக்கமான லூப்பில் அளவை எண் 10 ஆகக் கொடுக்காமல் ஸ்ட்ரிங் 10 ஆகக் கொடுங்கள், பெட்டியிலிருந்து நேரே எடுத்தால் அப்படித்தான் வரும். முதல் துண்டு சரியாகப் பத்து. அடுத்த சுற்றில் பூஜ்யத்தோடு ஸ்ட்ரிங் 10 கூட்டப்படாமல் ஒட்டப்பட்டு 010 ஆகிறது, ஒப்பிடும்போது அது 10 ஆகவே மதிக்கப்படுவதால் லூப் தொடர்கிறது, துண்டின் கடைசி எல்லையோ 010-உடன் இன்னொரு 10 ஒட்டி 01010, அதாவது 1010. ஆக இரண்டாவது துண்டில் மிச்சமுள்ள 87-ம் மொத்தமாக வந்து விழுகிறது. மொத்தக் கூட்டு சரியாக இருக்கும், அதனால் யாரும் உடனே கவனிக்கவும் மாட்டார்கள்.

எனக்கு இந்த விஷயத்தில் இருக்கும் ஒரே வாதம் இதுதான். உள்ளமைந்த மெத்தட் மூன்று வரியை மிச்சப்படுத்துகிறது என்பதற்காக அதைக் கேட்கவில்லை. மீதி, பூஜ்யம், ஸ்ட்ரிங் என்ற மூன்று கேள்விக்கும் ஒரே ஒரு முறை, நன்றாக யோசித்தவர்கள் கூடி, சோதனைகளோடு பதில் எழுதி வைத்தால், கிருஷ்ணகிரியில் எடைச் சீட்டு எழுதுகிறவனும் வேறெங்கோ வங்கிக் கணக்கு எழுதுகிறவனும் அதே பதிலை நம்பி வேலை செய்யலாம். அதற்காகக் கேட்கிறேன்.

மற்ற மொழிகள் மீதிக்குச் சொன்ன பதில்களைப் பாருங்கள், ஒன்றுபோல் ஒன்று இல்லை. பிஎச்பியின் அரே சங்க் கடைசித் துண்டைக் குறைவாகவே கொடுத்துவிடும், ரூபியின் ஈச் ஸ்லைஸும் அப்படியே. ரஸ்டில் சங்க்ஸ் என்று ஒன்று மீதியைக் கொடுக்கும், சங்க்ஸ் எக்ஸாக்ட் என்று இன்னொன்று முழுத் துண்டுகளை மட்டும் கொடுத்து மீதியைத் தனியாகக் கேட்டு வாங்கிக்கொள்ளச் சொல்லும். க்ளோஜரில் பார்ட்டிஷன் என்ற ஃபங்ஷன் மீதியைச் சத்தமில்லாமல் விட்டுவிடும், வேண்டுமென்றால் பார்ட்டிஷன் ஆல் என்பதைக் கூப்பிட வேண்டும். எங்கள் 149.6 கிலோவை அப்படியே முழுங்கியிருக்கும் என்று அதைப் படித்தபோது நினைத்தேன். பைத்தானின் பேட்ச்ட் மீதியைக் கொடுக்கிறது, 3.13-லிருந்து ஸ்ட்ரிக்ட் என்று கேட்டால் மீதி இருப்பதையே பிழையாகச் சொல்லும். என் பார்வையில் பைத்தான் செய்தது நல்ல முறை. கேட்காமலேயே நடக்கும் வழக்கம் எதையும் தொலைக்காததாக இருக்க வேண்டும், கண்டிப்பு வேண்டியவர் கேட்டு வாங்கிக்கொள்ளட்டும்.

க்ளோஜரைச் சொன்னதால் பெயரைப் பற்றி ஒரு வார்த்தை. ஸ்காலாவிலும் கோட்லினிலும் பார்ட்டிஷன் என்றால் வேறு பொருள், நிபந்தனைக்கு உட்பட்டவை ஒரு பக்கம், உட்படாதவை இன்னொரு பக்கம் என்று இரண்டாகப் பிரிப்பது. நல்ல காய் இந்தப் பக்கம், அடிபட்டது அந்தப் பக்கம் என்று தரம் பிரிப்பது போல. ஆகவே துண்டு போடுவதற்கு அந்தப் பெயரை யாரும் கேட்கக் கூடாது.

இரண்டாவது வழி லைப்ரரி, பிறர் எழுதிப் பொதுவில் வைத்த ஃபங்ஷன் தொகுப்பு. லோடாஷ் என்ற லைப்ரரியில் சங்க் 2015-ல் வந்த 3.0 பதிப்பிலிருந்தே இருக்கிறது, ஊரெல்லாம் புழங்குவது. மீதியைக் கொடுக்கிறது, ஸ்ட்ரிங் வந்தாலும் எண்ணாக்கிக்கொள்கிறது, நன்றாகச் சோதிக்கப்பட்டது. வேலை முடிந்தால் போதும் என்பவர்களுக்கு இதுவே போதும், நாளைக்கே வேண்டும் என்றால் நானும் இதைத்தான் சொல்வேன். ஆனால் அளவு பூஜ்யமாக இருந்தால் லோடாஷ் பிழை சொல்லாமல் காலி அரே ஒன்றைத் திருப்பித் தரும். திரை உறைந்து நிற்பதற்குப் பதில் எங்களுக்கு வரியே இல்லாத சீட்டு வந்திருக்கும், மொத்தம் பூஜ்யம் கிலோ. உறைந்து நிற்கும் திரையையாவது எல்லோரும் கவனிப்பார்கள், வெறும் சீட்டைக் கிழித்து மடித்துக் கொடுத்துவிட்டு அடுத்த வண்டியைக் கூப்பிட்டுவிட வாய்ப்பு உண்டு. அதோடு, மொழியில் இருக்க வேண்டிய அடிப்படை வேலை ஒன்றுக்காக வெளிப்பொருள் ஒன்றைச் சேர்த்து, அதன் பதிப்பைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும்.

மூன்றாவது வழியை முழுதாகவே தள்ளிவிடுகிறேன்: நாமே அரே ப்ரோட்டோடைப்பில் சங்க் என்று ஒன்றை ஒட்ட வைத்துக்கொள்வது. எழுத ஒரு வரி, கூப்பிட அழகு. இது எவ்வளவு தூரம் போய் யாரைக் கடிக்கும் என்பதை நான்காவது வழியைப் பேசும்போது பார்க்கலாம், ஏனென்றால் அங்கே தடையாக நிற்பதே இப்படிப் பதினைந்து வருடம் முன்பு ஒட்ட வைத்தவர்கள்தான்.

நான்காவது, மச்சான் கேட்டது: மொழியே அரே ப்ரோட்டோடைப்பில் சங்க் கொடுக்க வேண்டும். படிக்க இதைவிட இயல்பான வடிவம் கிடையாது. எடைகளை எடு, பத்தாகத் துண்டாக்கு, ஒவ்வொரு துண்டையும் வரியாக்கு என்று இடமிருந்து வலமாக ஓடும், மேப், ஃபில்டர் எழுதத் தெரிந்தவருக்கு விளக்கமே வேண்டாம். எங்களோடு வேலை பழகும் பாலிடெக்னிக் முடித்த இரண்டு பையன்களிடம் எல்லா வடிவத்தையும் காட்டிக் கேட்டேன், இருவரும் இதைத்தான் கையால் காட்டினார்கள்.

தடை வேறிடத்தில் இருக்கிறது. ஜாவாஸ்கிரிப்டுக்குப் பதிப்பு மாற்றிப் பழையதைக் கைவிடும் வசதி கிடையாது. 2009-ல் எழுதி அப்படியே விட்ட ஒரு இணையதளமும் இன்றைய பிரவுசரில் திறக்க வேண்டும். டிசி39 என்ற கமிட்டி, எக்மா இன்டர்நேஷனல் என்ற அமைப்பின் கீழ் இந்த மொழியின் வரையறையைப் பார்த்துக்கொள்வது, அரே ப்ரோட்டோடைப்பில் பெயர் வைக்கப் போய்ப் பல தடவை இதில் இடித்துக்கொண்டிருக்கிறது. உறுப்பு இருக்கிறதா என்று பார்க்கும் மெத்தடுக்கு முதலில் வைத்த பெயர் கன்டெய்ன்ஸ். மூட்டூல்ஸ் என்ற பழைய லைப்ரரியோடு மோதியதால் இன்க்ளூட்ஸ் ஆகி 2016 பதிப்பில் வந்தது. கடைசியிலிருந்து எண்ணி எடுக்க ஐட்டம் என்று கேட்டார்கள், அதுவும் பழைய பக்கங்களை உடைத்தது, இன்றைக்கு அதன் பெயர் அட் (at).

எல்லாவற்றிலும் பெரிய ரகளை 2018-ல். அரேக்குள் இருக்கும் அரேக்களைப் பிரித்துத் தட்டையாக்கும் மெத்தடுக்கு ஃபிளாட்டன் என்று பெயர். ஃபயர்ஃபாக்ஸின் சோதனைப் பதிப்பில் அதைப் போட்டுப் பார்த்ததும் சில பக்கங்கள் உடைந்தன. ஏன் என்பதை ஒரு நிமிடம் பார்ப்போம், இது புரிந்தால் மூன்றாவது வழியை நான் ஏன் தள்ளினேன் என்பதும் புரியும். மூட்டூல்ஸ் தன் சொந்த ஃபிளாட்டனை அரே ப்ரோட்டோடைப்பில் எழுதி வைக்கும், பிறகு அந்த ப்ரோட்டோடைப்பில் என்னென்ன இருக்கிறது என்று லூப் போட்டு எண்ணி, கண்ணில் பட்டதையெல்லாம் தன் இன்னொரு பொருளுக்கு நகல் எடுத்துக்கொள்ளும். மொழியோடு வரும் மெத்தடுகள் இப்படி எண்ணும்போது கண்ணில் படாதவை. பிரவுசரில் ஏற்கனவே ஃபிளாட்டன் இருந்தால், மூட்டூல்ஸ் அதன் மேல் தன்னுடையதை எழுதினாலும் கண்ணில் படாத தன்மை அப்படியே ஒட்டிக்கொள்கிறது. லூப் அதைப் பார்க்காது, நகல் எடுக்காது, அந்த நகலை நம்பியிருந்த பக்கம் விழுந்துவிடும். யாரும் எந்தப் பிழையும் புதிதாகச் செய்யவில்லை, பத்து வருடம் முன்பு ஒருவர் வசதிக்காக ஒட்டிய ஒரு பெயர் அவ்வளவு தூரம் வந்திருக்கிறது. அந்தச் சமயத்தில் கோரிக்கையைக் கொண்டுபோன மைக்கேல் ஃபிகாரா வேடிக்கையாக ஸ்மூஷ் என்று பெயரை மாற்றலாம் என்று சொல்லப்போய், அதை நிஜம் என்று எடுத்துக்கொண்டு நாலாபக்கமும் கோபம் கிளம்பியது. கடைசியில் ஃபிளாட் என்று முடிந்து 2019 பதிப்பில் சேர்ந்தது.

சங்க் என்ற பெயரும் அவ்வளவு சுத்தமான பெயர் இல்லை என்பதே என் பயம். துண்டு போடும் ஹெல்ப்பரை ப்ரோட்டோடைப்பில் ஒட்ட வைக்கச் சொல்லும் விடைகள் வருடக்கணக்காகக் கைமாறி வருகின்றன, ஒட்டுகிறவர் எல்லோருக்கும் முதலில் வாயில் வரும் பெயர் இதுதான். அளவை முதலில் வாங்குகிறவர், இரண்டாவதாக வாங்குகிறவர், மீதியை விடுகிறவர், எல்லா வகையும் இருக்கும். முதலில் இருக்கிறதா என்று பார்த்து, இல்லாவிட்டால் மட்டும் ஒட்டுகிறவர் பக்கத்தில் மொழியின் சங்க் வந்து உட்கார்ந்தால் நடத்தை மாறிப்போகும்.

இந்த இடத்தில் கண்ணாடி போல் முன்னால் இருப்பது குரூப்பை (groupBy) என்ற கோரிக்கை. உறுப்புகளை ஒரு சாவியின்படி கூட்டுவது, நம் விஷயத்துக்கு ஒன்றுவிட்ட அண்ணன் மாதிரி. 2021-ல் அரே ப்ரோட்டோடைப்பில் குரூப்பை என்று தொடங்கினார்கள். சுகர் என்ற லைப்ரரியின் பழைய பதிப்பு அதே பெயரில் வேறு மாதிரி ஒன்றை ஒட்டியிருந்ததால் உடைந்தது. பெயரைக் குரூப் என்று சுருக்கினார்கள், அதுவும் உடைத்தது. கடைசியில் ப்ரோட்டோடைப்பே வேண்டாம் என்று ஆப்ஜெக்ட் குரூப்பை, மேப் குரூப்பை என்று தனி ஸ்டேட்டிக் ஃபங்ஷன்களாக (அரேயை உள்ளே கொடுத்து வெளியிலிருந்து கூப்பிடுபவை) 2024 பதிப்பில் வந்து சேர்ந்தது. கமிட்டிக்குள் இருப்பவர்கள், வழி தெரிந்தவர்கள் கொண்டுபோனதே இவ்வளவு சுற்றியது.

அப்படியானால் ஐந்தாவது வழி அதுவே: அரே சங்க் என்று ஸ்டேட்டிக்காகக் கேட்பது. பெயர் மோதல் பெரும்பாலும் இல்லை, அரே அல்லாத பட்டியல்களையும் வாங்கிக்கொள்ளும்படி செய்யலாம். எனக்கு இதில் ஒட்டாதது படிக்கும் வரிசை. எடைகளை வடிகட்டி, துண்டாக்கி, வரியாக்கு என்று ஓடிக்கொண்டிருக்கும் சங்கிலியின் நடுவில் இதைச் செருக முடியாது, சங்கிலியை அறுத்து, முன்பகுதியை அடைப்புக்குள் போட்டு, வெளியே இருந்து சுற்ற வேண்டும். குரூப்பைக்கு அது பரவாயில்லை, கூட்டிய பிறகு கிடைப்பது வேறு வகைப் பொருள், சங்கிலி அங்கே இயல்பாகவே முடிகிறது. சங்க் அப்படி இல்லை, அதற்குப் பின்னால் ஒரு மேப் இல்லாத இடத்தை நான் பார்த்ததே இல்லை. வேறு வழியே இல்லை என்றால் ஏற்றுக்கொள்ளலாம், முதல் கோரிக்கையாக வைக்க மாட்டேன்.

ஆறாவது வழிதான் நான் மச்சானிடம் நிற்கச் சொல்லும் இடம். இட்டரேட்டர்.

இட்டரேட்டர் என்றால் ஒவ்வொன்றாகக் கேட்கக் கேட்கக் கொடுக்கும் பொருள். முழுப் பட்டியலையும் கையில் வைத்திருக்க வேண்டியதில்லை, அடுத்தது என்றால் அடுத்தது, தீர்ந்தது என்றால் தீர்ந்தது. ஜாவாஸ்கிரிப்டின் 2025 பதிப்பில் இந்த இட்டரேட்டர்களுக்கே மேப், ஃபில்டர், டேக், டூ அரே போன்ற மெத்தடுகள் வந்துவிட்டன. இதன் தொடர்ச்சியாக இட்டரேட்டரில் சங்க்ஸ், விண்டோஸ் என்று இரண்டைக் கேட்கும் கோரிக்கை டிசி39-ல் ஏற்கனவே இருக்கிறது, கொண்டுபோயிருப்பவர் அந்த ஃபிளாட்டன் கதையில் வந்த அதே மைக்கேல் ஃபிகாரா. அரேயிலிருந்து வேல்யூஸ் என்று கேட்டு இட்டரேட்டரை வாங்கி, சங்க்ஸ் பத்து, அப்புறம் டூ அரே என்றால் நமக்கு வேண்டிய துண்டுகளின் அரே கையில். மச்சான் கேட்டதைவிட இரண்டு சொல் அதிகம். சங்கிலி அறுபடவில்லை.

இதற்கு என்ன நன்மை என்றால், முதலில் பெயர். இட்டரேட்டர் ப்ரோட்டோடைப்பை எல்லோரும் தொட்டுப் புழங்கும் பழக்கம் பழைய லைப்ரரிகள் எழுதப்பட்ட காலத்தில் கிடையாது, ஆகவே மோத ஆள் குறைவு. அடுத்தது, அரேக்கு மட்டும் கேட்டால் எண்களை மட்டும் வைக்கும் டைப்டு அரேக்கு என்ன, செட்டுக்கு என்ன, மேப் என்ற சாவி-மதிப்புப் பட்டியலுக்கு என்ன என்று ஒவ்வொன்றுக்கும் தனிக் கோரிக்கை எழுத வேண்டும். இவை எல்லாமே இட்டரேட்டர் கொடுக்கும், ஒரே மெத்தட் எல்லாவற்றுக்கும் போதும். மூன்றாவது, எங்களுக்கே தேவைப்பட்டது: சீசன் முழுவதும் விழுந்த எடைகள் ஒரு பெரிய கோப்பில் இருக்கின்றன, அதை வரி வரியாகப் படித்துக்கொண்டே நூறு நூறாகத் தரவுத்தளத்தில் ஏற்ற வேண்டும். 97 கிரேட்டுக்கு மெமரி கணக்கே இல்லை, சீசன் முழுவதற்கும் என்றால் எல்லாவற்றையும் முதலில் அரேயில் கொட்டி அப்புறம் துண்டு போடுவது வீண். இந்தக் கோப்புப் படிப்பு அசிங்க் வகை, காத்திருந்து வாங்குவது, அதற்கான மெத்தடுகள் இன்னும் தனியாக வர வேண்டியிருக்கிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன், ஆனால் அது வரும்போது இந்த வடிவத்தின் அச்சில்தான் வரும், அரே ப்ரோட்டோடைப்பின் அச்சில் வர வாய்ப்பில்லை.

மற்ற மொழிகள் அண்மையில் எங்கே வைத்தன என்று பார்த்தபோது எனக்கு இது இன்னும் உறுதியானது. டாட்நெட் 6, 2021: வரிசையாகக் கொடுக்கும் எல்லாவற்றுக்கும் பொதுவான இடத்தில் சங்க். பைத்தான் 3.12, 2023: லிஸ்டில் வைக்கவில்லை, இட்டர்டூல்ஸில் பேட்ச்ட். கோ 1.23, 2024: ஸ்லைஸை வாங்கி இட்டரேட்டராகத் திருப்பித் தரும் சங்க். ஜாவா 24, 2025: ஸ்ட்ரீம்களுக்கான கேதரர்களில் விண்டோ ஃபிக்ஸ்டு. நான்கு மொழி, நான்கு கூட்டம், ஒருவரை ஒருவர் பார்த்து எழுதினார்களோ இல்லையோ, எல்லோரும் வந்து நின்ற பக்கம் ஒன்றுதான். பைத்தானில் இது வருடக்கணக்காக ஆவணத்தில் "இப்படி எழுதிக்கொள்ளுங்கள்" என்ற செய்முறையாக மட்டும் இருந்து, பிறகே உள்ளே வந்தது என்பதையும் மச்சானுக்குச் சொன்னேன், அவசரப்பட்டால் நடக்கிற காரியம் இல்லை.

இட்டரேட்டர் வழியில் குறை இல்லாமல் இல்லை. ஒரு முறை ஓடினால் தீர்ந்துபோகும். வரிகள் எத்தனை என்று எண்ண ஒரு தடவை ஓட்டிவிட்டு, அச்சிட இன்னொரு தடவை ஓட்டினால் இரண்டாம் தடவை ஒன்றும் வராது. எங்கள் பையன்களில் ஒருவனை வைத்து அப்படி எழுதச் செய்து பார்த்தேன், கால் மணி நேரம் திரையையே பார்த்துக்கொண்டிருந்தான். அரேயோடு பழகினவர்களுக்கு இது புதுப் பழக்கம், டூ அரே போட மறந்தால் வெறும் சீட்டு அபாயம் திரும்ப வருகிறது. இந்த ஒரு காரணத்துக்காக மச்சான் இன்னும் முழுதாக இறங்கிவரவில்லை, அவன் சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஆனால் இந்தத் தவறு எழுதிய அன்றே, முதல் ஓட்டத்திலேயே தெரிந்துவிடும். மீதியை விடும் தவறு 80-க்கும் 120-க்கும் சரியாக ஓடிக்காட்டிவிட்டு, 97 வரும் நாளுக்காகக் காத்திருக்கும்.

விண்டோஸ் என்ற மற்றதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மூன்று மூன்று நாள் விலையை ஒன்றன்மேல் ஒன்று நகர்த்திச் சராசரி பார்ப்பது போன்ற வேலைக்கு அது. மூன்று நாள் கேட்டு இரண்டு நாள் விலைதான் இருந்தால் என்ன தருவது என்பதில் உண்மையான சிக்கல் இருக்கிறது, கோட்லின் சும்மா கேட்டால் ஒன்றும் தராது, பாதி வேண்டும் என்று சொன்னால் தரும். எங்களுக்கு இப்போது அது தேவையில்லை, அதில் கருத்துச் சொல்லவும் போவதில்லை.

கோரிக்கை அனுப்புவது என்றால் என்ன என்பதிலும் நாங்கள் முதலில் தவறாக நினைத்திருந்தோம். யோசனையை யார் வேண்டுமானாலும் சொல்லலாம், ஆனால் கமிட்டிக்குள் அதை எடுத்துப் பேச உறுப்பினர் தரப்பிலிருந்து ஒருவர் சாம்பியனாக நிற்க வேண்டும். பூஜ்யத்திலிருந்து நான்கு வரை கட்டங்கள், நடுவில் 2.7 என்று பிற்பாடு சேர்த்த ஒன்று, வரையறை எழுதி முடிந்து சோதனைகளுக்காக நிற்கும் கட்டம் அது. நான்காம் கட்டத்துக்கு, சோதனைகளில் தேறும் இரண்டு தனித்தனிச் செயலாக்கங்கள் வேண்டும். ஒவ்வொரு கட்டத்திலும் எல்லோரும் ஒத்துக்கொள்ள வேண்டும், ஒருவர் மறுத்தாலும் நிற்கும். சாம்பியனும் வரையறையும் ஏற்கனவே உள்ள ஒன்றின் பக்கம் போகாமல், அதற்குப் போட்டியாக ப்ரோட்டோடைப் கோரிக்கை ஒன்றைப் புதிதாகத் தூக்கினால் பேச்சு பெயர்ச் சண்டைக்குள் போய் இரண்டும் தாமதமாகும். நமக்கு வேண்டியது துண்டு போடும் மெத்தட், அதில் நம் பெயர் இருக்க வேண்டும் என்பதில்லை.

ஆகவே மச்சான், நான் சொல்வது இது. புதிய கோரிக்கை எழுத வேண்டாம். இட்டரேட்டர் கோரிக்கைக்கு ஆதரவாக, எங்களிடம் இருக்கும் நிஜ உதாரணத்தை எழுதி அனுப்புவோம். எது வேண்டும் என்று கேட்பவர்கள் ஏராளம், எது எங்கே எப்படித் தவறிப்போனது என்று கணக்கோடு காட்டுபவர்கள் குறைவு. 97 உறுப்பு, அளவு 10, கடைசித் துண்டில் 7 வர வேண்டும். அளவு பூஜ்யம் என்றால் பிழை, காலி விடை கூடாது. அளவு ஸ்ட்ரிங் என்றாலும் பிழை. புதிய வசதிகளில் கொடுத்ததைச் சத்தமில்லாமல் வேறு வகையாக மாற்றிக்கொள்வதை நிறுத்துவோம் என்பது கமிட்டியே எடுத்திருக்கும் நிலைப்பாடு, நாம் அதற்கு ஒரு சாட்சி கொடுக்கிறோம், அவ்வளவுதான்.

அதுவரை எங்கள் எல்லாப் புரோகிராமிலும் தனித்தனியாகக் கிடந்த ஹெல்ப்பர்களை எடுத்துவிட்டோம். பொதுக் கோப்பு ஒன்றில் ஒரே ஃபங்ஷன், ப்ரோட்டோடைப்பில் ஒட்டாமல் தனியாக, சங்க்ஸ் நடக்கப்போவது போலவே நடக்கும்படி எழுதியிருக்கிறோம். நாளைக்கு மொழியிலேயே வந்தால் உள்ளே இருப்பதை மட்டும் மாற்றிக்கொள்ளலாம். அதற்கான சோதனைகளில் முதலாவதாக அந்தப் பெரியவரின் 97 எடைகளையும் தராசில் விழுந்த வரிசையிலேயே போட்டிருக்கிறேன், பத்தாவது வரியின் கூட்டு 149.6 வராவிட்டால் அதற்கு மேல் எதுவும் ஓடாது. சீட்டில் பெயர் இருக்கும் இடத்தை அழித்துவிட்டு ஒரு பிரதி உனக்கு அனுப்புகிறேன், கடிதத்தோடு அதையும் சேர்த்துவிடு.